ஒரே ஷிப்டில் பிறந்த இசைத்தட்டு

2003இல் மேற்படிப்புக்காக பர்மிங்காம் போனேன். வாடகை குறைவு என்பதால் ஆஸ்டன் பகுதியில் ஒரு வீட்டின் மாடி அறையை எடுத்துக்கொண்டேன். சிவப்புச் செங்கல் வீடுகள் ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நிற்கும் தெரு. கொஞ்ச தூரம் நடந்தால் ஆஸ்டன் வில்லா கால்பந்து அணியின் மைதானம். காற்று எங்கள் பக்கம் திரும்பும் நாளில் எச்.பி. சாஸ் தொழிற்சாலையின் நெடி தெருவுக்குள் வரும். காடியும் பாகும் கலந்த அந்த நெடிக்குள் புளி இருப்பதை என் மூக்கு சீக்கிரமே பிடித்துவிட்டது. வீட்டுக்காரர் நம்பவில்லை. சமையலறை அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்தார், கண்ணாடியை மாட்டிக்கொண்டார், பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததை ஒவ்வொன்றாகப் படித்தார். புளி இருந்தது. பிறந்ததிலிருந்து தின்றுவந்த உள்ளூர் சாஸில் எங்கள் ஊர்ச் சரக்கு இருந்த விஷயம் அவரை ரொம்பவே அசைத்துவிட்டது. நாங்கள் பேச ஆரம்பித்தது அன்றுதான்.

அவர் ஓய்வு பெற்றவர் அல்ல, ஓய்வு கொடுக்கப்பட்டவர். பக்கத்து விட்டன் பகுதியில் ஒரு பிரஸ் ஷாப்பில் டூல் செட்டராக இருந்தவர். கம்பெனியை மூடியபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது, வேறு எவரும் எடுத்துக்கொள்ளவில்லை. கோவையில் என் அப்பாவுக்குச் சின்னப் பட்டறை, பம்ப் மோட்டாருக்கு ஸ்டாம்பிங் அடித்துக் கொடுக்கிறார் என்று சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை டன் பிரஸ்?" அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எங்களுக்குப் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. தகடு எத்தனை தடிமன் என்றால் பன்ச்சுக்கும் டைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடவேண்டும், பிசிறு எதனால் வருகிறது, எந்தச் சத்தம் கேட்டால் மெஷினை உடனே நிறுத்தவேண்டும். என் பாடப் புத்தகத்தில் இரண்டு பக்கத்தில் முடிந்த சங்கதி அவர் கையில் நாள் முழுக்க ஓடும்.

இசைத்தட்டு அப்படியொரு பேச்சின் நடுவில்தான் வெளியே வந்தது. பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பம். குழுவின் பெயர்தான் ஆல்பத்தின் பெயர். முதல் பாட்டின் பெயரும் அதுவே. 1970 பிப்ரவரி 13, ஒரு வெள்ளிக்கிழமையில் வெளிவந்தது. அவர் அப்போது பயிற்சித் தொழிலாளி. சம்பளம் வாங்கிய கையோடு வாங்கியது. கிட்டார் டோனி அயோமி, பேஸ் கீசர் பட்லர், டிரம்ஸ் பில் வார்ட், பாட்டு ஓஸி ஆஸ்போர்ன். நால்வரும் இதே ஆஸ்டன் வட்டாரத்துப் பையன்கள். ஓஸி வளர்ந்த லாட்ஜ் ரோடு எங்கள் தெருவிலிருந்து நடந்து போகும் தூரம்தான். ஓஸியின் அப்பா ஜி.இ.சி. ஆலையில் இரவு ஷிப்டில் டூல் மேக்கர். அம்மா லூகாஸ் ஆலையில். பையனும் கொஞ்ச காலம் அங்கே கார் ஹாரன்களுக்குச் சுருதி சேர்க்கும் வேலை பார்த்தான். பிறகு மாடு அறுக்கும் கூடத்தில். திருடி மாட்டி, அபராதம் கட்ட முடியாமல் வின்சன் கிரீன் சிறையில் சில வாரங்கள் இருந்தான். அபராதத்தைக் கட்ட அப்பா மறுத்துவிட்டார், பாடம் கற்கட்டும் என்று. "இந்தத் தெருக்களில் இதெல்லாம் ஒரு கதையே இல்லை" என்றார் வீட்டுக்காரர். "அவன் பாடினான் என்பதுதான் கதை."

வெர்டிகோ கம்பெனியின் தட்டு அது. நடுவே ஒட்டிய வட்டத் தாளில் கறுப்பும் வெள்ளையுமாய்ச் சுழி. தட்டு சுற்றத் தொடங்கினால் சுழி கண்ணை உள்ளே இழுக்கும். முதலில் மழை. தூரத்தில் இடி, ஒரு தேவாலய மணி. இவை பதிவு முடிந்த பிறகு தயாரிப்பாளர் தரப்பில் சேர்த்தவை. அரை நிமிடத்துக்கு மேல் மழையும் மணியும்தான். அப்புறம் கிட்டார் மூன்று சுரத்தை வைக்கிறது. கீழே ஒன்று, அதன் மேல் ஸ்தாயி, பிறகு இரண்டுக்கும் நடுவே இறங்கி வந்து நிற்கும் ஒன்று. நின்று நடுங்குகிறது. மறுபடி முதலிலிருந்து.

கல்லூரி விடுதியில் என் காதில் விழுந்த மெட்டல் எல்லாம் தலைதெறிக்க ஓடியது. இதுவோ ஊர்ந்தது. ஒரு சுரத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே டீ ஊற்றிவிட்டு வந்துவிடலாம் என்று தோன்றியது. வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் ஊருக்குப் போன் பேசியபோது அம்மாவிடம் அந்த மூன்று சுரத்தைப் பாடிக் காட்டினேன். அம்மா வீட்டில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். போன் கார்டில் காசு கரைந்துகொண்டிருக்க, மறுமுனையில் முணுமுணுத்துப் பார்த்தார். "சட்ஜம், மேல் சட்ஜம், அப்புறம் பிரதி மத்தியமம். பஞ்சமத்துக்கு ஏன்டா போகலை?"

"அவ்வளவுதாம்மா. திரும்பவும் அதேதான்."

"கல்யாணியிலயும் அதே மத்தியமம்தான் இருக்கு. ஆனா போய் உட்கார ஒரு இடம் இருக்கும். இவன் உட்கார இடமே குடுக்கலையே!"

இந்தப் பாட்டைப் பற்றி மேல்நாட்டு விமர்சகர்கள் எழுதியதில் பாதி, அந்த இடைவெளிக்கு 'இசையில் சாத்தான்' என்று பெயர், இடைக்காலத் தேவாலயம் அதைத் தடைசெய்தது என்பது. தடை என்பது கட்டுக்கதை. பாடுவதற்குக் கடினம், தவிர்த்துவிடு என்று பழைய ஆசிரியர்கள் சொல்லியிருந்தார்கள், அவ்வளவே. கோவை வீட்டுக் கூடத்திலிருந்து அம்மா ஒரே வரியில் சொன்னதுதான் சரியான விளக்கம். காது பஞ்சமத்தில் போய் இளைப்பாற எதிர்பார்க்கிறது. அயோமி அதற்கு ஒரு படி கீழேயே நிறுத்தி வைத்துவிடுகிறார். பயம் அந்த நிறுத்தலில் இருக்கிறது. பட்லர் ஹோல்ஸ்டின் 'கோள்கள்' தொகுப்பில் வரும் செவ்வாய்ப் பகுதியைத் தன் பேஸில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அதைக் கேட்ட அயோமி மறுநாள் இந்த மூன்று சுரத்தோடு வந்தார்.

பாட்டில் வரும் ஆள் மந்திரவாதியோ சாத்தானின் தொண்டனோ இல்லை. கறுப்பு உருவம் ஒன்று எதிரில் நின்று தன்னைச் சுட்டுவதைப் பார்த்து, தெய்வமே காப்பாற்று என்று கதறுகிறவன். அது பட்லரின் சொந்த அனுபவத்திலிருந்து வந்தது. கத்தோலிக்க வீட்டில் வளர்ந்த அவருக்கு மாந்திரீகப் புத்தகங்களில் ஆர்வம். அறைக்குக் கறுப்புச் சாயம் அடித்திருந்தார். ஒரு ராத்திரி விழித்தபோது கட்டிலின் கால்மாட்டில் கறுப்பு உருவம் நின்றதாகச் சொன்னார். அதோடு அந்தப் பக்கமே போகவில்லை. பயந்துபோன பையனின் பாட்டைக் கேட்டுத்தான் உலகம் அவர்களைச் சாத்தான் வழிபாட்டுக்காரர்கள் என்றது.

முதல் பக்கத்தில் மீதியும் அப்படியே. 'தி விஸார்ட்' ஓஸியின் ஹார்மோனிகாவோடு வரும், டோல்கீனின் காண்டால்ஃபை மனதில் வைத்து எழுதியது. அடுத்தது லவ்கிராஃப்ட் கதைத் தலைப்பைத் தழுவிய பாட்டு. கடைசியில் 'என்.ஐ.பி.', பட்லரின் பேஸ் தனியாக ஆரம்பித்து, முனகி, ஒரு வழிக்கு வந்ததும் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். காதலில் விழுந்து திருந்தப் பார்க்கும் சாத்தானின் பாட்டு அது. அந்த மூன்று எழுத்துக்கு அமெரிக்காவில் ரகசிய அர்த்தங்கள் கற்பித்தார்கள். பில் வார்டின் தாடி பேனா நிப்பைப் போல் இருந்தது, அதனால் நிப் என்று கேலி செய்தார்கள், அவ்வளவுதான் ரகசியம்.

மறுபக்கத்தில் இரண்டு பாட்டுகள் மற்றவர்களுடையவை. ஒன்று, அமெரிக்கக் குழுவான 'குரோ'வின் பாட்டு. கம்பெனியின் விருப்பத்துக்காகப் பாடியது, குழுவுக்கே பிடிக்காதது. மற்றது 'வார்னிங்', ஏன்ஸ்லி டன்பரின் குழு பாடிய ப்ளூஸ். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் அதில் பெரும்பகுதி அயோமியின் கிட்டார் மட்டும். இதைக் கேட்கும்போது தெரியும், இவர்கள் நேற்றுவரை ஊர் கிளப்புகளில் ப்ளூஸ் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் என்று. முதலில் போல்கா டல்க், பிறகு எர்த் என்று பெயர் மாற்றி, அந்தப் பெயரில் இன்னொரு குழு இருந்ததால் 1969இல் போரிஸ் கார்லாஃப் நடித்த திகில் படத்தின் பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

நான் அங்கே இருந்த வருடம் நகரத்துக் கண்காட்சி ஒன்றில் ஹெவி மெட்டல் பிறந்த கதையைச் சொல்லும் பலகையைப் பார்த்தேன். பர்மிங்காமின் ஆலைகளில் சம்மட்டியும் பிரஸ்ஸும் இடித்த சத்தம்தான் இந்த இசையாயிற்று என்று இருந்தது. கேட்க நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"இந்த வேகத்தில் ஒரு பிரஸ் ஓடினால் ஃபோர்மேன் என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பான்" என்றார். "வாரம் முழுக்கக் காதுக்குள் அந்தச் சத்தம். வெள்ளிக்கிழமை ராத்திரி அதையே காசு கொடுத்துக் கேட்பேனா?"

தட்டை மறுபடி வைத்து, டிரம்ஸை மட்டும் கவனிக்கச் சொன்னார். பில் வார்ட் சின்ன வயதில் ஜீன் க்ருப்பா, பட்டி ரிச் என்று ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். எல்லோரும் பாறையாய் இறங்கும் இடத்திலும் அவர் கை இடது வலது என்று ஆடிக்கொண்டிருக்கும். சிம்பல் தட்டில் அடி சற்றுப் பிந்தி, சற்று முந்தி விழும். பிரஸ் அப்படி அடிக்காது. ஒரே இடைவெளி, ஒரே அடி, அதுதான் அதன் வேலை. ஆல்பத்தில் ஆலை இருக்கிறது, ஆனால் சத்தமாக இல்லை. அது எங்கே இருக்கிறது என்று அவர் தன் இரண்டு விரலை மடக்கிக் காட்டினார்.

டோனி அயோமி பதினேழு வயதில் தகட்டு ஆலை ஒன்றில் வெல்டராக இருந்தார். ஒரு குழுவோடு ஜெர்மனிக்கு வாசிக்கப் போக வேலையை விட்டுவிட்டார். அன்று கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், இனிமேல் போகப்போவதில்லை என்றாராம். ஏற்ற வேலையை முடித்துக்கொடுத்துவிட்டு வா என்று அம்மா அனுப்பினார். தகட்டை வளைத்துக் கொடுக்கும் பிரஸ்ஸில் வழக்கமாக நிற்கும் ஆள் அன்று வரவில்லை. பழகாத மெஷினில் இவரை நிறுத்தினார்கள். பிரஸ் வலது கைமேல் இறங்கியது. கையை வெடுக்கென்று இழுத்ததில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. அயோமி இடதுகைக்காரர். வலது கைதான் கம்பிகளை அழுத்தும் கை.

இந்தக் கதையை இசை ரசிகர்கள் விதி என்று படிக்கிறார்கள். எனக்கும் வீட்டுக்காரருக்கும் அதில் வேறு கேள்விகள். கையைக் காக்கும் மெஷின் கார்டு இருந்ததா, இருந்தும் கழற்றி வைத்திருந்தார்களா, புது ஆளுக்குக் காட்டிக்கொடுத்தது யார். இந்தக் கேள்விகள் எங்கள் பட்டறையிலும் எழும். இரண்டு கையாலும் பட்டன் அழுத்தினால்தான் இறங்கும் பிரஸ்ஸில் ஒரு பட்டனைக் கட்டைவைத்து அமுக்கிவிட்டு வேலை பார்க்கிறவர்களை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவனுக்குக் கார்டு என்பது நஷ்டம். பர்மிங்காமிலும் அதே கணக்குதான் ஓடியிருந்தது. வீட்டுக்காரர் நண்பர்களோடு உட்கார்ந்து கிளாஸைத் தூக்கும்போது முழுக் கை இருந்தவர்களை எண்ணுவதுதான் சுலபம்.

அயோமியின் ஃபோர்மேன் ஓர் இசைத்தட்டோடு அவர் வீட்டுக்குப் போனார். கேள் என்று வற்புறுத்தினார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜிப்ஸி கிட்டார் கலைஞர். தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகு மீதி விரல்களை வைத்து வாசித்தவர். அதைக் கேட்ட பிறகுதான் அயோமிக்குத் தெம்பு வந்தது. அதன் பிறகு அவர் செய்தது எந்த டூல் ரூமிலும் மெச்சக்கூடிய வேலை. பாத்திரம் கழுவும் ஃபேரி திரவத்தின் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கினார். சூடான சால்டரிங் இரும்பால் விரல் நுழையத் துளை போட்டார். உப்புத்தாளால் தேய்த்து உருவம் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் கம்பியில் வழுக்கியது. பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து துண்டு வெட்டி முனையில் ஒட்டினார். உணர்வில்லாத அந்த விரல் உறைகளால் தடித்த கம்பியை வளைக்க முடியவில்லை. மெல்லிய கம்பி செட்டு அந்த நாளில் கடையில் கிடையாது. பான்ஜோவின் கம்பிகளை வாங்கி மாட்டினார்.

அவர் கண்டுபிடித்ததில் அடுத்த படி, முழுச் சுரக்கூட்டுகளை விட்டுவிட்டு இரண்டு மூன்று கம்பியில் மட்டும் எளிய பிடிகளைப் பிடித்து, அதிலேயே முழு அறையையும் நிரப்பும் ஓசையை வரவழைப்பது. பர்மிங்காமிலேயே செய்த லேனி ஆம்ப்ளிஃபயரும் அதன் முன்னால் செருகிய ஒரு சின்ன பூஸ்டர் பெட்டியும் அதற்குத் துணை. உலகத்திலேயே கனமான இசை என்று பேர் வாங்கியது, இருப்பதிலேயே மெல்லிய கம்பிகளில், ஒரு கைக்கு வலிக்காமல் இருக்கவேண்டும் என்பதற்காகப் பிறந்தது. ஆலை இந்த இசைக்குக் கொடுத்தது தாளத்தை அல்ல. உருக்கவும் துளைக்கவும் தேய்க்கவும் தெரிந்த கையை.

ஆல்பம் பதிவான விதத்திலும் அந்தக் கைதான் தெரிகிறது. 1969 இலையுதிர் காலம், லண்டனின் ரீஜென்ட் சவுண்ட் ஸ்டுடியோ. தயாரிப்பாளர் ரோஜர் பெய்ன், ஒலிப்பொறியாளர் டாம் ஆலம். நான்கு தடங்கள் மட்டும் பதியும் இயந்திரம். பதிவுக்கு ஒரு நாள், கலவைக்கு ஒரு நாள். ஸ்டுடியோவில் எதையும் உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை. கிளப்பில் வாசிப்பதைப்போல மூவரும் வாசித்தார்கள். ஓஸியைத் தனிக் கூண்டில் நிறுத்தி அதே நேரத்தில் பாட வைத்தார்கள். பெரும்பாலான பாட்டுகளுக்கு இரண்டாம் தடவையே கிடையாது. நடுவில் அயோமியின் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பிக்கப் பழுதாயிற்று. ஸ்பேர் என்று கொண்டுவந்திருந்த கிப்ஸன் எஸ்.ஜி.யை எடுத்து மீதியை முடித்தார். அதிலிருந்து அவர் கையில் பெரும்பாலும் எஸ்.ஜி.தான்.

ஏறக்குறைய 12 மணி நேரத்தில் வேலை முடிந்தது. மறுநாள் சுவிட்சர்லாந்தில் 20 பவுண்டுக்கு ஒத்துக்கொண்ட நிகழ்ச்சிக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒரு முழு நாள் கிடைத்ததே பெரிது என்று அப்போது நினைத்ததாக அயோமி பின்னால் சொல்லியிருக்கிறார். இதைப் படித்தபோது எனக்குப் புரிந்தது: அவர்கள் ஸ்டுடியோவுக்கு ஷிப்டுக்குப் போவதைப்போலப் போயிருக்கிறார்கள். டூலை செட் பண்ணுவதெல்லாம் முந்தைய மாதங்களில் கிளப்புகளிலும் ஜெர்மனி மேடைகளிலும் முடிந்திருந்தது. அன்றைக்கு வேலை, அடிப்பது மட்டும். ஆல்பத்தில் தவறுகள் இருக்கின்றன. தாளம் சில இடத்தில் முன்னால் சாய்கிறது, ஓஸியின் குரல் ஓரிடத்தில் எட்டிப் பிடிக்கிறது. அவற்றைத் திருத்தியிருந்தால் 38 நிமிடமும் இப்படி ஒரே மூச்சாக இருந்திருக்காது.

உறையைப் பற்றியும் சொல்லவேண்டும். பழைய நீராலை ஒன்றின் முன்னால் கறுப்பு அங்கியில் ஒரு பெண். நிறங்கள் எல்லாம் நோய் பிடித்ததாக இருக்கும். அகச்சிவப்பு ஃபிலிமில் கீத் மக்மில்லன் எடுத்த படம், அதனால் புல்லும் இலையும் சிவப்பாய் வெளிறித் தெரிகின்றன. அந்த இடம் ஆக்ஸ்போர்டுஷைரில் தேம்ஸ் கரையில் இருக்கும் மேப்பிள்டர்ஹம். கோடையில் ஒரு வார இறுதியில் போனேன். பேய் வீட்டை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு அங்கே ஏமாற்றம்தான். நீராலை இன்னும் ஓடுகிறது. தண்ணீர் சக்கரத்தைச் சுற்ற, மரப் பல்சக்கரங்கள் கல்லைச் சுற்ற, கோதுமை மாவாகி விழுகிறது. பையில் போட்டு விற்கிறார்கள். வீட்டுக்காரருக்கு ஒரு பை வாங்கி வந்தேன். ரொட்டி சுட்டார். சாத்தான் வீட்டு ரொட்டி என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு சாப்பிட்டார்.

உறையைத் திறந்தால் உள்ளே தலைகீழ்ச் சிலுவை இருக்கும். அது கம்பெனி வைத்தது. குழுவைக் கேட்கவில்லை, அவர்களுக்குப் பிடிக்கவும் இல்லை. அவர்கள் கழுத்தில் போட்டிருந்தவை நேரான சிலுவைகள். பிள்ளைகளுக்குக் கெடுதல் வரக்கூடாது என்று ஓஸியின் அப்பா உலோகத்தில் செய்துகொடுத்தவை. டூல் மேக்கரின் வேலை, விளிம்பில் பிசிறு இருந்திருக்காது என்று வீட்டுக்காரர் உறுதியாக நம்பினார்.

வெளிவந்தபோது விமர்சகர்கள் சீறினார்கள். ரோலிங் ஸ்டோனில் லெஸ்டர் பேங்ஸ் இதை கிரீம் குழுவின் தரம் கெட்ட நகல் என்ற பாங்கில் எழுதித் தள்ளினார். ஆனால் பிரிட்டிஷ் பட்டியலில் 8ஆம் இடம். அமெரிக்காவில் ஜூனில் வெளியாகி 23ஆம் இடம்வரை போயிற்று. வானொலியும் பத்திரிகையும் கைகொடுக்காமல் விற்றது எப்படி என்று அவரிடம் கேட்டேன். கேண்டீனில் ஒருவன் வாங்கினால் பத்துப் பேர் கேட்பார்கள், அடுத்த வெள்ளி சம்பளத்தில் மூவர் வாங்குவார்கள் என்றார். அந்த வருடம் செப்டம்பரிலேயே 'பாரனாய்ட்' வந்து முதலிடம் பிடித்தது. உலகத்துக்கு அதுதான் பெரிய ஆல்பம். ஆஸ்டனில் முதலாவதைச் சொல்வார்கள்.

படிப்பு முடிந்து ஊர் திரும்பி, அப்பாவின் பட்டறையை எடுத்து நடத்துகிறேன். 2007இல் ஆஸ்டன் சாஸ் ஆலையை மூடி உற்பத்தியை நெதர்லாந்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வீட்டுக்காரர் போனில் அதைச் சொன்னபோது சாவுச் செய்தி சொல்கிற குரல். 2019இல் பிராட் தெருவில் கால்வாய்மேல் இருக்கும் பாலத்துக்கு பிளாக் சபாத் பாலம் என்று பெயர் வைத்து, நால்வரின் முகம் பொறித்த பெஞ்சு ஒன்றையும் போட்டார்கள். "வேலையை எடுத்துக்கொண்டு பெஞ்சு கொடுத்திருக்கிறார்கள்" என்றார்.

2025 ஜூலை 5ஆம் தேதி வில்லா பார்க் மைதானத்தில் கடைசி நிகழ்ச்சி. இருபது வருடத்துக்குப் பிறகு அசல் நால்வரும் ஒரே மேடையில். டிக்கெட் விலையைக் கேட்டு அவர் போகவில்லை. பின்வாசலில் நாற்காலி போட்டால் எனக்கு இலவசம் என்றார். நான் காசு கட்டி நேரலையில் பார்த்தேன், இங்கே விடியற்காலை. ஓஸியால் எழுந்து நிற்க முடியவில்லை; பார்கின்சன் நோய். கறுப்பு சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி பாடினார். குழு வாசித்தது நான்கு பாட்டு. அதில் ஒன்று முதல் ஆல்பத்து 'என்.ஐ.பி.' எழுபத்தைந்தைத் தாண்டிய பட்லரின் பேஸ் முனகத் தொடங்கியதும் மைதானமே கூடச் சேர்ந்து பாடியது. வீட்டுக்காரர் போனைச் சுவருக்கு மேலே தூக்கிப் பிடித்து எனக்கு அனுப்பிய பதிவில் பாட்டு மங்கலாகவும் பக்கத்து வீட்டு நாய் தெளிவாகவும் கேட்கிறது. ஜூலை 22ஆம் தேதி ஓஸி இறந்துபோனார். இறுதி ஊர்வலம் பிளாக் சபாத் பாலத்தில் நின்று போயிற்று.

இப்போது என் பட்டறையில் ஒரு பையன் பயிற்சியில் இருக்கிறான். பாலிடெக்னிக் முடித்தவன், நண்பர்களோடு மெட்டல் வாசிக்கிறான். கிட்டாரைச் சுருதி இறக்கி வைத்திருக்கிறான். ஏன் என்றால், மெட்டல் என்றால் அப்படித்தான் சார் என்றான். 1971இல் மூன்றாவது ஆல்பத்துக்கு அயோமி கம்பிகளை மூன்று அரைச்சுரம் தளர்த்தினார், விரலுக்கு இன்னும் லகுவாக இருக்கட்டும் என்று. அதிலிருந்து அது பழக்கமாயிற்று. இன்று உலகம் முழுக்கப் பத்து விரலும் முழுசாய் இருப்பவர்கள், பர்மிங்காமில் அடிபட்ட ஒரு கையின் வசதிக்குத் தங்கள் கம்பிகளைத் தளர்த்திக்கொண்டிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் பையனுக்குக் கண் விரிந்தது. "அப்போ அந்த விரல் போகலைன்னா இந்த மியூசிக்கே இல்லையா சார்?"

இந்தக் கேள்வியை யாரும் கேட்பார்கள். பதிலை வீட்டுக்காரரின் நண்பர்கள் எனக்கு எப்போதோ காட்டிவிட்டார்கள். பர்மிங்காமில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு விரல் போயிற்று. அவர்களுக்குக் கிடைத்தது ஒரு சின்ன நஷ்டஈடும் வேறு ஷெட்டில் வேலையும்தான். விபத்து யாருக்கும் ஒன்றும் கொடுப்பதில்லை. விபத்துக்குப் பிறகு சால்டரிங் இரும்பைக் கையில் எடுத்தவன் கொடுத்தான். ஒரு தட்டோடு வீட்டுப் படியேறிய ஃபோர்மேன் கொடுத்தார். பையனிடம் அதைச் சொன்னேன். கூடவே, சாயங்காலம் எவ்வளவு வேண்டுமானாலும் வாசி, ஆனால் பிரஸ்ஸில் கார்டைக் கழற்றிவிட்டுக் கை வைத்ததைப் பார்த்தேனென்றால் மறுநாள் வேலைக்கு வராதே என்றும் சொல்லிவிட்டேன்.